தலைக்காவேரிக்குப் போங்கள், ஆனால் முதலில் பாகமண்டலாவில் இறங்குங்கள்

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் குடியிருக்கிறார், சொந்த ஊர் திருச்சி. வேலை, டிராஃபிக், லேப்டாப் என்று மனசு வறண்டு கிடக்கிறது. மனிதர் கட்டி எழுப்பியதாக இல்லாமல், இயற்கையாகவே புனிதமாக இருக்கிற ஒரு மலைக்குப் போய் உட்கார வேண்டும். ஏதோ ஒன்றோடு தொடர்பு கிடைக்க வேண்டும். கேதார்நாத், கைலாயம் என்று கிளம்ப லீவும் இல்லை, தெம்பும் இல்லை. இரண்டு நாள்தான் கிடைக்கும். 67 வயது அம்மாவும் கூட வருவார், அவருக்கு முட்டி வலி. எங்கே போகலாம்?

குடகு மலையில் காவிரி பிறக்கிற தலைக்காவேரிக்குப் போங்கள். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் நான் 1996-ல் பெங்களூருக்கு வந்ததிலிருந்து ஆறு தடவை அங்கே போயிருக்கிறேன், அதில் முதல் தடவை சுத்தமாக வீண். அந்த வீண் உங்களுக்கும் நடக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பக்கத்திலேயே நந்தி மலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தென்பெண்ணையும் பாலாறும் அந்த மலைகளின் பக்கம்தான் பிறக்கின்றன. அந்த வகையில் தமிழ்நாட்டுக்காரர் கும்பிட வேண்டிய மலைதான். ஆனால் சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு அதன் அடிவாரத்தில் வண்டிகள் நிற்கிற வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? சூரிய உதயம் பார்க்கப் போய், முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எங்கள் திப்பசந்திரா தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய 'தொடர்பு' என்ற வார்த்தையோடு எனக்கு ஒரு சின்னத் தகராறு உண்டு. முன்பின் தெரியாத ஒரு மலைக்குப் போய், கண்ணை மூடி உட்கார்ந்து, புதிதாக ஒரு தொடர்பு ஏற்படுத்திக்கொள்வது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்ததில்லை. ஏற்கெனவே இருக்கிற ஓர் உறவு எங்கே தொடங்குகிறது என்று போய்ப் பார்ப்பது வேறு, அது சுலபமும்கூட. நீங்கள் திருச்சிக்காரர். அம்மா மண்டபப் படித்துறையில் ஆடிப்பெருக்கு அன்று காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் வைத்துக் கும்பிட்டவரின் பெண். புதிதாக யாரையும் தேட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. காவிரி நீங்கள் பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர்.

இங்கே பெங்களூரில் குடிப்பதும் அதே தண்ணீர்தான். இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. காவிரி கீழே ஓடுகிறது. அதனால் மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியில் தண்ணீரைச் சுத்தம் செய்து, கட்டம் கட்டமாகப் பம்ப் வைத்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 1974-ல் முதல் கட்டம்; ஐந்தாவது கட்டத்தை 2024 அக்டோபரில் திறந்தார்கள். உங்கள் பெல்லந்தூர்ப் பக்கமெல்லாம் அதுவரை பெரும்பாலும் போர்வெல்லும் டேங்கரும்தான், உங்களுக்கே தெரியும். ஒரு நதியை மலை மேல் ஏற்றிக் குடிக்கிற ஊர் இது. அந்த நதி தானாக மலையிலிருந்து இறங்கி வருகிற இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒருவருக்கு ஆசை வரவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

பட்டினப்பாலையில் 'மலைத்தலைய கடற்காவிரி' என்று ஒரு அடி வரும். தலை மலையில், கடைசி கடலில். இரண்டே சொல்லில் எண்ணூறு கிலோமீட்டரை அடக்கிவிட்டார் புலவர். அந்த 'மலைத்தலை'தான் குடகில் பிரம்மகிரி மலையில், 1,276 மீட்டர் உயரத்தில் இருக்கிற தலைக்காவேரி.

இப்போது ஏமாற்றத்துக்கு உங்களைத் தயார் செய்துவிடுகிறேன். அங்கே அருவி கொட்டாது. பாறையைப் பிளந்துகொண்டு நீர் பீறிட்டு வராது. ஒரு சின்ன மண்டபம், அதன் முன்னால் இரண்டு முழத்துக்குள் அடங்குகிற சதுரமான ஒரு கல் தொட்டி. பிரம்ம குண்டிகே என்கிறார்கள். (குண்டிகை என்றால் தமிழிலும் கமண்டலம்தான், அகத்தியர் கதையை நினைத்துக்கொண்டால் பெயர் சரியாகப் பொருந்தும்.) அதற்கு முன்னால் ஒரு பெரிய குளம். குளத்தில் குளிக்கிறார்கள், குண்டிகையில் குளிக்கக் கூடாது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் குண்டிகையிலிருந்து ஓடை எதுவும் கண்ணுக்குத் தெரியாது; நீர் மண்ணுக்கடியில் போய், கொஞ்ச தூரம் தள்ளித்தான் வெளியே வருகிறது. 2007-ல் வளாகத்தைப் புதுப்பித்தார்கள், அதனால் சுற்றிலும் கருங்கல் தளமும் படிகளுமாகப் பளிச்சென்று இருக்கும். மனிதர் கை படாத இடம் என்று மனசில் படம் வரைந்துகொண்டு போனால் முதல் ஐந்து நிமிடம் சப்பென்று இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடந்துவிடுங்கள். கட்டடத்தை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தால், புல் போர்த்திய மலை முதுகுகளும் மடிப்புகளில் சோலைக்காடும் அதன் மேல் இறங்கி ஏறுகிற மேகமும்தான் கோயில் என்று தெரிந்துவிடும்.

என் முதல் பயணத்தைச் சொல்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர், ஜூலை மாதம், ஒரு டாட்டா சுமோ. குடகில் ஜூலையில் மழை பெய்யாது, ஊற்றும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குண்டிகைக்கும் எனக்கும் நடுவே மூடுபனி. குடை மேல்புறமாகத் திரும்பிவிட்டது. செருப்பைக் கழற்றி விட்டு நடந்ததில் ஈரக் கருங்கல் குளிர் முட்டி வரை ஏறியது. பத்து நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பி சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தோம். மடிக்கேரி வந்து சாக்ஸை மாற்றும்போதுதான் அட்டை ஒன்று குடித்துக் குண்டாகி உள்ளே படுத்திருந்தது. 'காவேரித் தாய் என் ரத்தத்தை எடுத்துக்கிட்டா' என்று ரொம்ப நாள் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால், அந்த மழையில் மலைப்பாதையில் போனதே முட்டாள்தனம். 2020 ஆகஸ்டில் அதே பிரம்மகிரிச் சரிவில் மலை இடிந்து, கோயிலின் தலைமை அர்ச்சகர் வீடே மண்ணுக்குள் போனது. ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

இரண்டாம் தடவை போனது 2011 ஐப்பசியில், அப்பாவோடு. அப்பா திருவையாற்றுக்காரர். புஷ்ய மண்டபப் படித்துறையில் குளித்து வளர்ந்தவர். காவிரி என்றால் அவருக்கு அகலம். இக்கரையிலிருந்து கத்தினால் அக்கரைக்குக் கேட்காத அகலம். அந்த மனுஷர் குண்டிகையின் முன்னால் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் துண்டு. கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, 'என்னடா, நம்ம வீட்டு முத்தத்துத் தொட்டி இதைவிடப் பெரிசு' என்றார்.

சரி, இவருக்கும் சப்பென்று போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் நகரவில்லை. குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அடியில் யாரோ போட்ட நாணயங்கள், ஒரு குங்குமப் பொட்டலம். ஒரே ஒரு குமிழி கீழேயிருந்து வந்து மேலே உடைந்தது. மீன்பிடிக்கிறவர் மாதிரி அடுத்த குமிழிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வரவேயில்லை. அர்ச்சகர் கொடுத்த தீர்த்தத்தை வாங்கிப் பாதி குடித்து, மீதியைத் தலையில் தடவிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிச் சத்தமாக, 'தாயே, எங்க பக்கம் தண்ணி ஒழுங்கா வரணும்' என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 1991 காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் இருந்தவர்கள் சொல்லக் கேட்டவன் நான். காவிரி என்ற வார்த்தையை பஸ்ஸில் தமிழில் உரக்கச் சொல்லாத பழக்கம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. பக்கத்தில் குடகின் சொந்த மக்களான கொடவர்களில் ஒரு பெரியவர், இடுப்பில் கருப்புக் கோட்டைச் சிவப்புப் பட்டுத் துணியால் கட்டியிருந்தார், என்னைப் பார்த்து 'ஏனு கேளிதரு?' என்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கிறார். நான் அசட்டுத்தனமாக, 'எல்லாரும் நல்லா இருக்கணும்னு கேட்டார்' என்று என் பெங்களூர்க் கன்னடத்தில் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, தனக்கு 'தண்ணி' என்கிற தமிழ் வார்த்தை தெரியும் என்றார். அப்புறம் அப்பாவிடமே திரும்பி, கையை அகல விரித்து, உங்கள் ஊரில் இவள் எவ்வளவு அகலம் என்று சைகையால் கேட்டார். அப்பா வளாகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்த மலைமுதுகு வரை காட்டினார். கொஞ்சம் அதிகம்தான், அந்தப் பெரியவர் ஆட்சேபிக்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வந்தவரிடம், அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கிற முகம்.

கொடவர்களுக்குக் காவேரம்மா பெண்தான், தெய்வமும்தான். நம் பக்கத்துக் கதையில் அகத்தியர் கமண்டலத்தைக் காக்கை உருவில் வந்த பிள்ளையார் கவிழ்த்துவிடுவார். அவர்கள் கதையில் காவேரி அகத்தியரின் மனைவி. என்னைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு கல்யாணம் செய்துகொண்டவள். அவர் ஒருநாள் விட்டுப் போனார். அவள் நதியாகி ஓடிவிட்டாள். பலமுரி என்ற இடத்தில் கொடவர்கள் அவளைத் தடுக்கப் பார்த்தார்களாம். வெள்ளம் வந்த வேகத்தில் பெண்களின் புடவைக் கொசுவம் முன்னாலிருந்து பின்னால் தள்ளப்பட்டதாம். இன்றைக்கும் கொடவப் பெண்கள் கொசுவத்தைப் பின்பக்கம்தான் வைத்துக் கட்டுகிறார்கள். கதை உண்மையா என்று கேட்காதீர்கள். ஒரு நதி போன வழியை உடுத்தும் துணியிலேயே வைத்திருக்கிறார்கள் என்பது போதாதா?

எப்போது போவது என்பது முக்கியம். ஐப்பசி பிறக்கிற நேரத்தில், அதாவது அக்டோபர் 17 அல்லது 18-ல், சூரியன் துலா ராசிக்குள் நுழையும் கணத்தில் குண்டிகையில் நீர் பொங்கும் என்பது ஐதீகம். தீர்த்தோத்பவம் என்பார்கள். நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஒரு வருடம் நள்ளிரவாக இருக்கும், ஒரு வருடம் பட்டப்பகலாக இருக்கும். அந்தக் கணத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பாத்திரமும் பாட்டிலுமாகக் குளத்தில் இறங்குவார்கள், அர்ச்சகர்கள் குண்டிகை நீரை எடுத்துக் கூட்டத்தின் மேல் வீசுவார்கள். அந்தத் தண்ணீரைக் கொடவர்கள் வீட்டில் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் விடுவதற்கு. அன்றைக்கு வீட்டில் தோசையும் பூசணிக்காய்க் குழம்பும்தான் சாப்பாடு. தேங்காய்க்கோ வெள்ளரிக்காய்க்கோ சிவப்புப் பட்டுச் சுற்றி, நகை போட்டு, அதையே காவேரியாக வைத்துக் கும்பிடுவார்கள்.

அதே நேரத்தில் நம் பக்கம் துலா ஸ்நானம் தொடங்குகிறது. மாயவரத்தில் ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்கு, கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. நீங்கள் திருச்சி என்பதால் இது தெரிந்திருக்கும்: ஸ்ரீரங்கத்தில் வருடம் முழுக்கப் பெருமாளுக்குக் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் நீர் வரும், ஐப்பசி மாதம் மட்டும் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல். மலையில் குண்டிகை பொங்குவதும், ஸ்ரீரங்கத்தில் தங்கக் குடம் இறங்குவதும் ஒரே பஞ்சாங்கக் கணக்கு. நடுவில் இரண்டு மாநிலம், ஏழெட்டு அணை, ஒரு நடுவர் மன்றம், எத்தனையோ வழக்கு. இரண்டு பக்கத்தாரும் கூடிப் பேசி வைத்த கணக்கு இல்லை இது. எனக்குத் தலைக்காவேரியில் உடம்பு சிலிர்த்தது தியானத்தில் இல்லை. இந்தக் கணக்கு மண்டையில் உறைத்தபோதுதான்.

ஆனால் தீர்த்தோத்பவ நாளன்று போகாதீர்கள். முட்டி வலிக்கார அம்மாவோடு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. ஐப்பசி மாதம் முழுக்கவே விசேஷம்தான். முதல் வாரக் கூட்டம் கலைந்தபின், தீபாவளி விடுமுறையையும் தவிர்த்துவிட்டு, ஒரு செவ்வாய், புதனில் போங்கள். மழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும், குண்டிகையில் நீரும் நிறைந்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் போனால் புல் காய்ந்து, நீர் குறைந்து, இடம் களைத்த மாதிரித் தெரியும்.

பெங்களூரிலிருந்து 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். மைசூர் எக்ஸ்பிரஸ் சாலை, அப்புறம் ஹுன்சூர், குஷால்நகர், மடிக்கேரி. குடகு மாவட்டத்துக்கு ரயில் கிடையாது. பைக்கில் போகிற யோசனை இருந்தால், 2023 ஆகஸ்டிலிருந்து எக்ஸ்பிரஸ் சாலையின் நடுப்பாதையில் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை என்பதை மறக்காதீர்கள். அம்மாவோடு என்றால் கார்தான் சரி; இல்லாவிட்டால் மைசூர் ரோடு சேட்டிலைட் பஸ் நிலையத்திலிருந்து மடிக்கேரி பஸ். மடிக்கேரியிலிருந்து பாகமண்டலா ஏறக்குறைய 40 கிலோமீட்டர், அங்கிருந்து 8 கிலோமீட்டர் ஏற்றம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது முதுகு வலி. முதல் நாள் மெதுவாகப் போய் மடிக்கேரியிலோ பாகமண்டலாவிலோ தங்குங்கள். நான் ஒரு தடவை, படத்தைப் பார்த்து மயங்கி, காபித் தோட்டத்துக்குள் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை எடுத்தேன். கடைசி மூன்று கிலோமீட்டர் ஜீப் மட்டும் போகும் பாதை என்பதை அவர்கள் பணம் வாங்கிய பின்தான் சொன்னார்கள். அம்மாவை அழைத்துப் போகிறீர்கள், அறையை விடப் பாதையைப் பற்றி முதலில் கேளுங்கள்.

தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். நேரே மேலே ஏறாதீர்கள். பாகமண்டலாவில் இறங்குங்கள். காவிரி, கன்னிகே, கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதி மூன்றும் சேர்கிற சங்கமம் அங்கே. அங்கே குளித்து, முன்னோருக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் செய்து, கேரள பாணிக் கூரை போட்ட பாகண்டேஸ்வரர் கோயிலைக் கும்பிட்டு, அப்புறம்தான் மேலே போவது வழக்கம். வழக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாகமண்டலாவில் ஆறு ஆறாகவே இருக்கும். கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, கூழாங்கல் தெரிய ஓடும். அதில் கால் வைத்து நின்றுவிட்டு மேலே போனால், அந்தச் சின்னத் தொட்டியைப் பார்க்கும்போது 'இவ்வளவுதானா' என்று கேட்கத் தோன்றாது. 'இதிலிருந்தா அது' என்றுதான் தோன்றும். அப்பாவை நான் நேரே மேலே கூட்டிக்கொண்டு போனேன். அதனால்தான் முத்தத்துத் தொட்டி ஞாபகம் வந்தது அவருக்கு. அம்மா குளிரில் குளிக்க வேண்டாம். பாதம் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். கரைப் படி வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலே வண்டி நிற்கிற இடத்திலிருந்து அகலமான படிகள் ஏற வேண்டும். நின்று நின்று ஏறினால் அம்மாவால் முடியும். பிரம்மகிரி உச்சிக்கு நூற்றுக்கணக்கில் படிகள். அது அவருக்கு வேண்டாம், பாதை திறந்திருந்தால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். ஏழு மணிக்கெல்லாம் மேலே இருந்தால் சுற்றுலா வேன்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். என்ன செய்வது என்று கேட்டால், ஒன்றும் செய்ய வேண்டாம். போனைப் பையில் போடுங்கள். குளத்துப் படியில் ஒரு ஓரமாக உட்காருங்கள். தெரிந்த பாட்டு எதையாவது அம்மாவை மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். தீர்த்தம் வேண்டும் என்றால் 'தீர்த்த கொடி' என்று கேளுங்கள். கன்னடத்தில் கொடி என்றால் கொடுங்கள் என்று அர்த்தம், கொடியேற்றம் இல்லை. கண்ணீர் வரலாம், வராமலும் போகலாம். என் ஆறு தடவையில் இரண்டு தடவைதான் உள்ளே ஏதோ அசைந்தது. மற்ற தடவைகளில் நல்ல காற்று, நல்ல காபி.

இயற்கையான புனித இடம் என்று நீங்கள் கேட்டதால் குடகின் தேவரகாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெய்வத்துக்கு விட்ட காடு. அந்தச் சின்ன மாவட்டத்தில் 1,200-க்கு மேல் இருக்கின்றன, ஏறக்குறைய ஊருக்கு ஒன்று. நம் ஊர்க் கோயில்காடு மாதிரிதான். அங்கே மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது. நம் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைப்பதைப் போல, அங்கே காட்டுக்குள் இருக்கும் ஐயப்பனுக்கு மண்ணில் நாய் செய்து வைக்கிறார்கள். வேட்டைக்காரச் சாமிக்கு நாய்தானே துணை. காபித் தோட்டங்களுக்கு நடுவே திடீரென்று இருட்டாக, உயரமாக ஒரு மரக்கூட்டம் தெரிந்தால் அது அநேகமாகத் தேவரகாடுதான். அழைக்காமல் உள்ளே நுழைந்து படம் எடுக்காதீர்கள். சாலையோரம் நின்று கும்பிட்டால் போதும். இந்த மாதிரி இடங்கள் இத்தனை நூற்றாண்டு தாங்கியது யாரும் எதையோ செய்ததால் இல்லை, செய்யாமல் விட்டதால். நாம் அங்கே போய்ச் செய்ய வேண்டியதும் அதுதான் என்பது என் கட்சி. குண்டிகையில் நாணயம் போடுவதுகூட எனக்குப் பிடிக்காது, அப்பா போட்டார் என்றாலும்.

அம்மாவுக்கு அவ்வளவு தூரம் முடியாது என்றால், நீங்கள் மட்டும் அரை நாளில் போய்வர சிவகங்கை மலை இருக்கிறது. தும்கூர் சாலையில் தாபஸ்பேட்டை பக்கம், 55 கிலோமீட்டர் போல வரும். நம் சிவகங்கைச் சீமை இல்லை, இது வேறு. பாறைக்குள் ஒளகல் தீர்த்தம் என்று ஒரு குழி. கையை உள்ளே விட்டால் சிலருக்கு நீர் எட்டும், சிலருக்கு எட்டாது. புண்ணியம் செய்தவருக்கு எட்டும் என்கிறார்கள். எனக்கு எட்டியது, என் மனைவிக்கு எட்டவில்லை. அந்தக் கணக்கில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று பிலிகிரி ரங்கன மலை. அங்கே காட்டுக்குள் பார்கவி ஓடைக்கரையில் தொட்ட சம்பிகே என்று பிரம்மாண்டமான ஒரு சண்பக மரம், அடியில் சிறு சிறு லிங்கக் கற்கள். சோலிகர்கள் கும்பிடும் மரம்; நம் சத்தியமங்கலம் பக்கம் சோளகர் என்கிறோமே, அதே மக்கள். புலிகள் காப்பகத்துக்குள் இருந்தாலும் 2011-ல் அந்தக் காட்டின் மீது அவர்களுடைய சமூக உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. தலைக்காவேரியை விட அமைதியான இடம் என்று அடித்துச் சொல்வேன், ஆனால் உங்களுக்கு முதல் பயணத்துக்கு வேண்டாம். சண்பக மரம் உங்களுக்கு இன்னும் யாரும் இல்லை. காவிரி அப்படியா?

தண்ணீர் எடுத்து வரும் விஷயத்தோடு முடிக்கிறேன். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். திருகு மூடி வைத்த சின்னச் செம்பு ஒன்று சிக்பேட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா அப்படி ஒன்று கொண்டுவந்திருந்தார். அந்தச் செம்பு ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்தது. சித்திரையில் ஊருக்குப் போனபோது எடுத்துக்கொண்டு வந்தார். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் வரை திருவையாற்றில் என்ன இருக்கும்? மணல்தான். படித்துறையிலிருந்து இறங்கி, நடு ஆற்றுக்கு நடந்து போய், காலால் ஒரு குழி பறித்து, செம்பைக் கவிழ்த்தார். மணல் ஒரே மடக்கில் குடித்துவிட்டது. 'சரி, வந்து சேந்துட்டா' என்று செம்பை உதறித் துண்டில் சுற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

அப்புறம் ஒன்று. ஐப்பசியிலும் புல் ஈரமாக இருந்தால் அட்டை இருக்கும். கடித்தால் பிடுங்காதீர்கள், உப்பு வையுங்கள், தானாக விழும். உப்புப் பொட்டலத்தையும் தீர்த்தச் செம்பையும் ஒரே பையில் வைக்காதீர்கள். நான் மூன்றாம் தடவை வைத்தேன். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் தீர்த்தம் கொடுத்தபோது, காவிரி கடலில் கலந்த பிறகு எப்படி இருக்கும் என்று தெரிந்தது.